பனிக்கால விடுமுறை: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறை நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கேள்விகளின் முகமே மாறிவிடுகிறது. மரம் உதிர்கிறது, விளக்கு எரியவில்லை, கார் கிளம்பவில்லை, விருந்தாளிகள் கிளம்பவில்லை. வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்து, அந்தந்த வேலை தெரிந்தவர்களிடம் பதில் வாங்கித் தந்திருக்கிறோம்.

கே: கிறிஸ்துமஸுக்கு வெட்டிய மரம் வாங்கி வைத்தால் பத்தே நாளில் ஊசியிலை எல்லாம் தரைக்கு வந்துவிடுகிறது. தண்ணீரில் சர்க்கரை, ஆஸ்பிரின் மாத்திரை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வேறு என்ன போடலாம்?

ப: ஒன்றும் போட வேண்டாம். மரத்துக்கு வெறும் குழாய்த் தண்ணீர் போதும். கோளாறு தண்ணீரில் இல்லை, அடிமரத்தின் வெட்டுவாயில் இருக்கிறது. வெட்டிய சில மணி நேரத்திலேயே அங்கே பிசின் கசிந்து, தண்ணீர் ஏறும் நுண்குழாய்களை அடைத்துவிடும். கடையில் நாள்கணக்காக நின்ற மரமென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே தாங்கியில் நிறுத்துவதற்குச் சற்று முன்பு, அடியில் இரண்டு செ.மீ. அளவுக்கு ரம்பத்தால் அறுத்து எறிந்துவிடுங்கள். அறுப்பு நேராக இருக்க வேண்டும். சாய்வாகவோ கூராகவோ சீவினால் மரம் ஆடும், வெட்டுவாயின் ஒரு பக்கம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்.

தாங்கிக்குள் நுழையவில்லை என்று சுற்றிலும் பட்டையைச் செதுக்குவது இன்னொரு தவறு. தண்ணீரை இழுப்பது பெரும்பாலும் பட்டையை ஒட்டியிருக்கும் வெளிவளையங்கள்தான். அதைச் செதுக்கிவிட்டால் மரம் வாயிருந்தும் குடிக்க முடியாத நிலைக்கு வந்துவிடும். மரத்தைச் சின்னதாக்குவதற்குப் பதில் தாங்கியைப் பெரிதாக வாங்குங்கள். அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ள வேண்டும் என்பது கணக்கு. 10 செ.மீ. பருமன் என்றால் 4 லிட்டர். முதல் நாளில் மரம் குடிக்கும் வேகம் உங்களைத் திடுக்கிட வைக்கும். காலையிலும் இரவிலும் பாருங்கள். ஒரே ஒரு நாள் நீர்மட்டம் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் மறுபடி பிசின் மூடிவிடும். மறுபடி அறுக்க, தொங்கவிட்டதையெல்லாம் கழற்ற வேண்டும். அதை யாரும் செய்வதில்லை என்பதால்தான் மரம் காய்கிறது.

வாங்கும்போதே ஒரு கிளையை நுனிப் பக்கமாக லேசாக உருவிப் பாருங்கள். பச்சை ஊசிகள் கையோடு வந்தால் அந்த மரம் வேண்டாம். உள்கிளைகளில் பழுப்பு ஊசிகள் உதிர்வது இயல்புதான். நோர்ட்மன், ஃபிரேசர் போன்ற ஃபிர் வகைகள் ஊசியை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். நார்வே ஸ்புரூஸ் வாசனை நன்றாக இருக்கும், சூடான அறையில் சீக்கிரம் கொட்டும். எந்த வகையானாலும் ரேடியேட்டர், கணப்பு பக்கத்தில் வேண்டாம். நாலு வாரத்துக்கு மேல் வீட்டுக்குள் வைத்திருக்கவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த மரத்தில் தீப்பிடித்தால் அறை முழுவதும் பரவ ஒரு நிமிடம்கூட ஆகாது.

கே: நூறு பல்பு சீரியல் செட்டில் சரியாகப் பாதி மட்டும் எரியவில்லை. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார்.

ப: அவர் தொழில் அது. 120 வோல்ட் மின்சாரம் உள்ள இடங்களில் விற்கும் பழைய பாணி நூறு பல்புச் சரம் என்பது ஐம்பது ஐம்பதாக இரண்டு தொடர். ஒவ்வொரு பல்பும் சுமார் 2.5 வோல்ட், ஐம்பது சேர்ந்தால் வீட்டு மின்னழுத்தம். 230 வோல்ட் இடங்களில் ஒரு தொடரில் பல்புகள் கூடும், அல்லது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒரு தொடரில் எங்கோ ஓர் இடத்தில் அறுந்தால் அந்தத் தொடர் மட்டும் இருட்டாகும். உங்கள் 'சரியாகப் பாதி' என்பதற்கு இதுதான் காரணம்.

இழை எரிந்துபோன பல்பு பொதுவாகச் சரத்தை அணைப்பதில்லை. இழைக்குக் கீழே ஷன்ட் என்று ஒரு மெல்லிய கம்பிச் சுற்று இருக்கிறது. இழை அறுந்தவுடன் முழு மின்னழுத்தமும் அந்த ஒரு பல்பின் மேல் விழ, ஷன்டின் மேல்பூச்சு கருகி, மின்சாரம் அதன் வழியாக ஓடத் தொடங்கும். மற்றவை எரிந்துகொண்டிருக்கும். ஆனால் பல்பு குழியில் தளர்ந்திருந்தால் ஷன்டுக்கே மின்சாரம் வராது. ஆகவே முதலில் தேட வேண்டியது எரிந்த பல்பை அல்ல, தளர்ந்த பல்பை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இருண்ட பாதியில் ஒவ்வொரு பல்பையும் குழிக்குள் அழுத்துங்கள். பிளக்கை மறுபடி மாட்டிப் பாருங்கள், வெளிச்சம் வந்துவிட்டால் சரி. இல்லையென்றால் பல்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதன் அடியில் இரண்டு பக்கமும் மேல்நோக்கி மடிந்திருக்கும் மெல்லிய கம்பிகளைப் பாருங்கள். ஒன்று உள்ளே மடங்கியோ ஒடிந்தோ இருக்கும். நிமிர்த்திச் செருகினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதுவும் இல்லையென்றால், பெட்டியோடு வந்த உதிரி பல்பை ஒவ்வொரு குழியிலும் வைத்து வைத்துப் பார்ப்பதுதான் வழி. அரை மணி நேரப் பொறுமை வேண்டும். அதே வோல்ட் பல்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் எரியாவிட்டால் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'இரண்டு மூன்று எரியவில்லை, பரவாயில்லை' என்று விடாதீர்கள். 120 வோல்ட்டை 50 பல்பு பங்கிடும்போது ஒவ்வொன்றுக்கும் 2.4; ஐந்து போய்விட்டால் மிச்சம் 45-க்கும் ஏறக்குறைய 2.7. அவை கூடுதல் பிரகாசமாக எரியும், கூடுதல் வேகமாகப் போகும்.

எல்.இ.டி. சரம் என்றால் பெரும்பாலும் பல்பு பிரியாது. இணைப்பில் ஈரம் புகுந்து பச்சை பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். வெளியில் கட்டுவதென்றால் பெட்டியில் ஐ.பி.44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள், பாதி சுற்றிய நிலையில் உள்ளேயே சூடேறி உருகும். ஸ்டேப்ளர் ஊசியடித்து வயரை மாட்டாதீர்கள்.

கே: இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் போனால் மிச்சமாகுமே?

ப: மிச்சமாவதைப் போல பல மடங்கு, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீராகத் திரும்பி வரும். அணைக்காதீர்கள், 12 அல்லது 13 டிகிரியில் விட்டுவிட்டுப் போங்கள்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாயை உடைப்பது ஐஸ் நேரடியாக அழுத்துவதல்ல பெரும்பாலும். உறைந்த அடைப்புக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, உறையாத இடத்தில் குழாய் பிளக்கிறது. அதனால்தான் குழாயைத் திறந்து வைப்பது பயன்படுகிறது. உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இளகிய பிறகுதான் வெள்ளம். நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

கிளம்பும் நாளில் மெயின் வால்வை மூடுங்கள். பிறகு மேல்மாடியிலிருந்து தொடங்கி எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிடுங்கள், கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை கொட்டவிடுங்கள். தோட்டக் குழாயின் ஹோஸைக் கழற்றி, உள்பக்க வால்வை மூடி, வெளிமுனையைத் திறந்தே வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறைச் சூடு குழாயை எட்டும். வீடு ஆளில்லாமல் கிடக்கும் நாட்களுக்குக் காப்பீட்டு ஆவணத்தில் நிபந்தனை இருக்கலாம், படித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் வால்வைத் திறக்கும்போது ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராவிட்டால் அங்கே உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வால்வை மறுபடி மூடி, அந்தக் குழாய்முனையைத் திறந்து, முனைப் பக்கமிருந்து ஆரம்பித்து ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீருக்கும் நீராவிக்கும் போக வழியிருக்காது. நெருப்புச் சுடர் காட்டவே கூடாது.

ஒரு சின்ன உபாயம்: ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் மின்சாரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

கே: விருந்தில் மிஞ்சியது ஃபிரிட்ஜில் கொள்ளவில்லை. பால்கனியில் ஃபிரிட்ஜை விடக் குளிர். வைக்கலாமா?

ப: ராத்திரி குளிர், சரி. நண்பகலில் வெயில் பட்டால் மூடிய பாத்திரத்துக்குள் 15 டிகிரி வரை போய்விடலாம். உணவு 5 டிகிரிக்குக் கீழே நிலையாக இருக்க வேண்டும். பால்கனி எந்த உறுதியும் தருவதில்லை, பூனையும் அணிலும் தனி. வேறு வழி: தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி இரவில் வெளியே வைத்து உறையவிடுங்கள், அவற்றை ஒரு ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, ஃபிரிட்ஜில் உள்ள பானங்களையும் காய்கறிகளையும் அதற்கு மாற்றுங்கள். காலியான ஃபிரிட்ஜ் தட்டில் சமைத்தது போகட்டும்.

பெரிய பாத்திரத்தோடு சூடாக உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். ஐந்து செ.மீ. ஆழத்துக்கு மேற்படாத தட்டையான டப்பாக்களில் பிரித்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். சூடாக்கும்போது நடுவிலும் 75 டிகிரி வர வேண்டும். ஓரம் மட்டும் கொதித்தால் போதாது.

கே: குளிர் தொடங்கியதும் தோல் வெடிப்பு, மூக்கில் ரத்தம், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக். வெளியே பனி கொட்டுகிறது, காற்றில் ஈரம் இருக்காதா?

ப: வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வந்ததும் போதாமல் போகிறது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 4.8 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதனால் 17.3 கிராம் தாங்க முடியும். இருப்பதோ 4.8. ஈரப்பதம் 28 சதவீதம். வெளியே இன்னும் குளிர்ந்தால் இன்னும் குறையும். தாகமெடுத்த அந்தக் காற்று உங்கள் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் உறிஞ்சுகிறது.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி 35 முதல் 45-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்து சட்டத்தில் பூஞ்சை வரும். ஹியூமிடிஃபயர் வைத்தால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், தினமும் பழைய நீரைக் கொட்டுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் கிருமியைத் தூவும் இயந்திரமாகிவிடும். குளியல் வெதுவெதுப்பாகப் பத்து நிமிடம் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயும் முன்பே பூசுங்கள். தண்ணீராக ஓடும் லோஷனை விடக் கெட்டியான க்ரீமும், க்ரீமை விட பெட்ரோலியம் ஜெல்லியும் ஈரத்தை அதிகம் காக்கும்.

கே: விமானத்தில் பரிசுப் பொருட்கள் கொண்டுபோகிறேன். அழகாகச் சுற்றியே எடுத்துப் போகலாமா?

ப: சுற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் சோதனையில் பிரித்துவிடுவார்கள். தாளை மடித்து எடுத்துப் போய் அங்கே சுற்றுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பொதுவான வரம்பு 100 வாட் ஹவர்: 20,000 எம்.ஏ.எச். என்றால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74. தப்பித்தீர்கள்.

கே: இரண்டு பக்கத்து உறவும் இந்த வருடம் எங்கள் வீட்டில்தான். பன்னிரண்டு பேர். பரிசுச் செலவை நினைத்தால் தலை சுற்றுகிறது. மாமியாருக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் நான் என்ன செய்ய?

ப: பரிசுக் கணக்கு சுலபம். பன்னிரண்டு பேரும் மற்றப் பதினொரு பேருக்கும் கொடுத்தால் 132 பொட்டலம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்றால் 12. துண்டுச்சீட்டை எடுத்துத் தன் பெயரே வந்து திரும்பக் குலுக்குவதை விட இது மேல்: பெயர்களைக் கலைத்து ஒரு வட்டமாக எழுதுங்கள், ஒவ்வொருவரும் தனக்கு அடுத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். கணவன் மனைவி அடுத்தடுத்து வந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள். தொகைக்கு மேல்வரம்பு ஒன்று, கீழ்வரம்பு ஒன்று, இரண்டையும் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். கீழ்வரம்பைச் சொல்ல மறப்பதால்தான் ஒருவருக்குச் சால்வையும் இன்னொருவருக்குச் சாவிக்கொத்தும் வந்து முகம் வாடுகிறது.

உறவு விஷயத்தில், அழைக்கும் செய்தியிலேயே இரண்டு தேதியையும் எழுதுங்கள்: வரும் நாள், கிளம்பும் நாள். வந்த பிறகு 'எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்டால் விரட்டுவது போலாகும்; முன்பே எழுதியது வெறும் ஏற்பாடு. சமையலறையில் இரண்டு பெரியவர்களையும் ஒரே வேலையில் விடாதீர்கள். ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை. அவரவர் வேளையில் அவரவர் சொன்னதே சட்டம், உப்பு உட்பட. உதவட்டுமா என்று கேட்பவரிடம் 'வேண்டாம், நீங்கள் உட்காருங்கள்' என்று சொல்வது மரியாதை போலத் தெரியும். இரண்டாம் நாளே அது உங்கள் முதுகை ஒடிக்கும், அவருக்கும் தான் வேண்டாதவர் என்று படும். குப்பை, பாத்திரம், படுக்கை விரிப்பு என்று பெயர் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். தினம் மதியம் ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று வைத்தால், மாலைச் சண்டையில் பாதி குறையும்.

கே: பேரனுக்கு விளையாட்டுச் சாமான்கள் நிறைய வருகின்றன. எதில் கவனம் வேண்டும்?

ப: பட்டன் பேட்டரியில். சாமானில் மட்டுமல்ல, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் மெழுகுவர்த்தி, சின்ன ரிமோட் எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் வகைதான் மிக மோசம். குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. எச்சில் பட்டதும் மின்சாரம் ஓடி, அங்கேயே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். ஆகவே பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்படாத சாமான் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், ஆறு தடவை வரை போகும் வழியில் கொடுக்கலாம், அரிப்பைத் தணிக்கும். தேன் தேடுவதற்காகத் தாமதிக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அவசரம்தான்.

இன்னொன்று, பேரனைக் காரில் ஏற்றும்போது தடித்த குளிர்க்கோட்டோடு சீட்டில் கட்டாதீர்கள். மோதலில் கோட்டின் பஞ்சு நசுங்கி, இறுக்கமாக இருந்த வார் தொளதொளவென்றாகிவிடும். கோட்டைக் கழற்றி, கட்டி, அதன் பிறகு மேலே போர்த்துங்கள்.

கே: காலையில் கார் கிளம்பவே மாட்டேன் என்கிறது. கிளம்பினாலும் சாலையில் வழுக்குகிறது. குளிர்காலப் பயணத்துக்கு முக்கியமானவற்றைச் சொல்லுங்கள்.

ப: -18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. எண்ணெய் கெட்டிப்பட்டிருப்பதால் எஞ்சினோ கூடுதல் வலு கேட்கிறது. நாலைந்து வயதான பேட்டரி இங்கேதான் கைவிடும். நவம்பரிலேயே சோதித்துவிடுங்கள்.

வேறு காரிலிருந்து ஜம்ப் கொடுப்பதென்றால் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ், கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், அதன் மறுமுனை செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்கலாம் என்பதால்தான் அந்தப் பொறியைத் தள்ளி வைக்கிறோம். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தால் உள்ளே உறைந்திருக்கிறது. அதற்கு ஜம்ப் கொடுக்காதீர்கள், வெடிக்கும்.

கண்ணாடியில் படிந்த ஐஸுக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இரண்டு பங்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் ஒரு பங்கு தண்ணீரும் ஸ்பிரே பாட்டிலில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்கால டயரின் பயன் பனி விழுந்த நாளில் மட்டும் என்று நினைக்கிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். குளிர்கால ரப்பர் இளகியே இருக்கும். நாலு சக்கரத்துக்கும் மாற்றுங்கள். இரண்டுக்கு மட்டும் மாற்றினால் ஒரு முனை பிடித்து மறுமுனை வழுக்கும், அது மாற்றாததை விட மோசம். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும்.

சாலையில் மெல்லியதாகப் படியும் பிளாக் ஐஸ் கறுப்பு இல்லை, கண்ணாடி போன்றது. கீழே தார் தெரிவதால் ஈரச்சாலை போல இருக்கும். முன்னால் போகும் கார்களின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிப்பது திடீரென்று நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். பாலங்களில் முதலில் உறையும், மேலும் கீழும் குளிர்காற்று படுவதால். ஐஸின் மேல் வண்டி நிற்க உலர்ந்த சாலையைப் போல பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். வழுக்கத் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கம் மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் நிறுத்த வேண்டியிருந்தால் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி இருங்கள். காலுக்குக் கீழே அதிர்வது அதன் வேலை, பயந்து காலை எடுக்காதீர்கள்.

பனியில் சிக்கி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி அகற்றிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், காற்று வராத பக்கத்து ஜன்னலை விரலளவு திறந்து வைத்து. டேங்க் எப்போதும் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று சொல்வது இதற்குத்தான். போர்வை, மண்வாரி, டார்ச், குடிநீர், சார்ஜர் ஆகியவை டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.

கே: அப்பாவுக்கு எழுபது. வாசல் பனியைத் தானே வாருவேன் என்று பிடிவாதம். விடலாமா?

ப: இதய நோயோ, சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ இருந்தால் விடாதீர்கள். குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, கையை உயர்த்தித் தூக்குவதும் மூச்சைப் பிடிப்பதும் அழுத்தத்தை ஏற்றுகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில். ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாரடைப்பு அபாயம் 37 சதவீதம் கூடியிருந்தது. இரவு பத்து மணிவாக்கில் உச்சம், 75 வயதைக் கடந்தவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அதிகம். அது பனி வாரியதால் என்று சொல்ல முடியாது. விருந்து, மன அழுத்தம், அலைச்சல் எல்லாம் சேரும் நாள் அது. இன்னொன்று, அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதை 1978-லேயே மருத்துவர்கள் 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயரிட்டு எழுதினார்கள்.

நல்ல உடல்நலமுள்ளவர் என்றால்: சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்காமல் தள்ளட்டும், பாதி மண்வாரி அளவு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஓய்வு. விழுந்து முடியும்வரை காத்திருக்காமல் இடையிடையே வாரினால் எடை குறைவு. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை எது வந்தாலும் அவசர எண்ணை அழையுங்கள். வாயுக்கோளாறு என்று இஞ்சித் தண்ணீர் போட உட்காராதீர்கள். மிச்ச ஐஸுக்கு உப்பு தூவும்போது, -9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு ஏறக்குறையப் பயன்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். கால்சியம் குளோரைடு இன்னும் குளிரிலும் வேலை செய்யும். வெறும் மணலோ எதையும் உருக்காது, ஆனால் காலுக்குப் பிடி கொடுக்கும்.

கே: எல்லாரும் கொண்டாடும்போது எனக்கு மட்டும் எழுந்திருக்கவே மனமில்லை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை தூக்கமும் பசியும் அதிகம். சோம்பேறித்தனம் என்கிறார்கள் வீட்டில்.

ப: நீங்கள் எழுதியிருப்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல. ஒவ்வொரு குளிர்காலமும் வந்து வசந்தத்தில் விலகுவது, அதிகத் தூக்கம், மாவுப்பண்டங்களில் ஆசை, எதிலும் ஈடுபாடின்மை: இவை சேர்ந்து வருவதை நார்மன் ரோசந்தாலும் சகாக்களும் 1984-இல் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். வைத்தியம் இருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள், ரத்தசோகை, தைராய்டு போன்றவையும் இதே முகத்தோடு வரும்.

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் வைத்தியம் வெளிச்சம். 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்குப் பெட்டி, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், தினமும் 20 முதல் 30 நிமிடம். 10,000 என்பது எவ்வளவு தூரத்தில் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தத் தூரத்தில் உட்காருங்கள், இரண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் கால்வாசிக்கு அருகில் இறங்கிவிடும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் வைத்துப் படிக்கலாம். புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். மாலையில் பயன்படுத்தினால் தூக்கம் கெடும். கண் நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பெட்டி இல்லையென்றால் காலையில் வெளியே நடங்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய குளிர்காலப் பகலிலும் வெளியே அதைப் போலப் பல மடங்கு.

டிசம்பர் 21 அல்லது 22 தான் வட பாதியில் ஆண்டின் குறுகிய பகல். ஆனால் பல இடங்களில் மாலை நீளத் தொடங்குவது அதற்கும் சில நாள் முன்பே. காலை இருட்டு மட்டும் ஜனவரி முதல் வாரம்வரை இழுக்கும். எழுந்திருப்பது ஜனவரியில் இன்னும் கடினமாவதற்கு நீங்கள் காரணமில்லை, சூரியன் காரணம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

கே: எல்லாமே எச்சரிக்கையாக இருக்கிறதே! குழந்தைகளோடு செலவில்லாமல் மகிழ ஒன்றாவது சொல்லுங்கள். போன வாரம் பனிமனிதன் செய்யப் போனோம், மாவு போல உதிர்ந்துவிட்டது.

ப: போன வாரம் குளிர் அதிகம், அதுதான் காரணம். பனித்துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டும். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியிருக்கும் நாளில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்று செய்யலாம். கட்டாயம் இன்றே என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கீழ், நடு, தலை மூன்றும் 3:2:1 என்ற அளவில். உருட்டும்போது திசையை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே பக்கம் உருட்டினால் பாய் சுருட்டியது போல வரும். கீழ் உருண்டையின் உச்சியைத் தட்டையாக்கி, நடுவில் லேசாகக் குழித்து அடுத்ததை வைத்து, இடுக்கில் பனியைத் திணியுங்கள். நிழலில் செய்தால் பல நாள் நிற்பார்.

குளத்து ஐஸில் ஏறுவதென்றால் தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இருக்க வேண்டும், ஒருவர் நடக்க. வெள்ளையாக இருப்பது பாதி வலுதான், அதற்கு இரட்டிப்பு. எச்சரிக்கை போதும் என்றீர்கள், இது கடைசி.

காசே இல்லாதது வானம். குளிர்ந்த, மேகமில்லாத இரவில் பத்து மணிவாக்கில் தென்கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்கு இடப்பக்கம் சற்றே சிவந்து தெரிவதுதான் திருவாதிரை. மூன்றின் கோட்டை மேலே நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. கீழே நீட்டினால் சிரியஸ், இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரம். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் விழும். வால்மீன் விட்ட தூசி அல்ல இது, ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டது. நிலவில்லாத இருட்டான இடத்தில் மணிக்கு நூறுகூட எண்ணலாம். தொலைநோக்கி வேண்டாம், அது பார்க்கும் இடத்தைக் குறுக்கிவிடும். தரையில் பாய் போட்டு, கால் பக்கம் ஒரு போர்வை, கைக்கு விரல் பிரியாத உறை; நாலு விரலும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று சூடாக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாகும், அதற்குள் யாராவது ஒருவர் போனை எடுத்துப் பார்த்தால் அவர் கண்ணுக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து. போன்களை உள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.